மகன் பட்டம் பெற்றதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள்: எதைச் சொல்வது, எதை விடுவது?

கரிசல்மண் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு இருபத்திரண்டு வயது ஆகிறது. பிறந்தபோது ஏற்பட்ட மூச்சுத்திணறலால் அவனுக்கு மூளை முடக்குவாதம் வந்தது. வலக்கையால் எதையும் பிடிக்க இயலாது, நடைவண்டி இல்லாமல் நடக்க இயலாது, பேச்சும் மெதுவாகத்தான் வரும். அவன் சென்ற மாதம் பி.காம். படிப்பை ஒரு தாளில்கூட அரியர் வைக்காமல் முதல் வகுப்பில் முடித்திருக்கிறான். முடிவு வெளியான அன்று மதிப்பெண் பட்டியலை நானும் அவன் அம்மாவும் கைப்பேசியில் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தோம். நிறுமக் கணக்கியலில் அவன் எடுத்த 81 மதிப்பெண்ணை, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாதவரிடம்கூடச் சொல்லிவிட்டேன்.

கோவில்பட்டிப் பக்கம் சிறப்புக் குழந்தைகளின் பெற்றோர் சிலர் மாதம் ஒருமுறை கூடுவோம். அடுத்த கூட்டத்தில் என்னை அரை மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர். இதற்கு மேல் படிக்க வைக்க முடியுமா என்ற கவலையோடு வருகிறவர்கள்.

நான்கு பக்கம் எழுதினேன். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க மறுத்த பள்ளி, மூன்று ஆண்டுகள் நாள்தோறும் டிவிஎஸ் 50 வண்டியில் அவனைப் பின்னால் உட்கார வைத்து, துண்டால் என் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கல்லூரிக்குப் பதினொரு கிலோமீட்டர் சென்றது, மாடியில் இருந்த வகுப்பறைக்கு முதல் இரண்டு மாதங்கள் அவனைத் தூக்கிச் சென்றது, பிறகு துறைத்தலைவர் வகுப்பையே தரைத்தளத்துக்கு மாற்றிக் கொடுத்தது என எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். அவனிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, “நான் பாஸானதைச் சொல்லுங்கப்பா. என்னைத் தூக்கிட்டுப் போனதையே ஏன் சொல்றீங்க?” என்றான்.

எனக்குப் பதில் வரவில்லை. தூக்கிச் சென்றது உண்மை. அதை விட்டுவிட்டால் அந்தப் பெற்றோருக்கு என் அனுபவத்தால் என்ன பயன் என்று தோன்றுகிறது. சொன்னாலோ அவன் மனம் நோகும். இதே நிலையில் இருந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மலைக்கோட்டை அம்மா:

அண்ணா, தம்பிக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள். நிறுமக் கணக்கியலில் 81 என்பது எளிதில் வருகிற மதிப்பெண் இல்லை. என் மகளும் பி.காம். படித்தவள் என்பதால் எனக்கு அது தெரியும். சென்னை மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறைபாடு உடையவர்களுக்கென்று தனியாக நடக்கும் வகுப்பில் அவள் படித்தாள்.

இப்படிப்பட்ட கூட்டங்களில் கீழே உட்கார்ந்து கேட்டவளாக ஒன்று சொல்கிறேன். பேசுகிறவர்கள் பட்ட பாட்டைச் சொல்லும்போது நாங்களும் சேர்ந்து அழுதிருக்கிறோம். ஆனால் மறுநாள் காலையில் எந்த அலுவலகத்துக்கு எந்தச் சான்றிதழோடு போக வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருக்காது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 32ஆம் பிரிவு, அரசுக் கல்லூரிகளும் அரசு உதவி பெறும் கல்லூரிகளும் 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உடையவர்களுக்கு 5 விழுக்காட்டுக்குக் குறையாமல் இடம் ஒதுக்க வேண்டும் என்றும், உச்ச வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வு தர வேண்டும் என்றும் சொல்கிறது. என் மகள் சிகிச்சைக்காக இரண்டு ஆண்டுகள் பள்ளிக்கே போகவில்லை. வயது கடந்துவிட்டது என்று நாங்களாகவே முடிவு செய்து விண்ணப்பப் படிவம்கூட வாங்காமல் இருந்தோம். சான்றிதழைப் புதுப்பிக்கப் போன இடத்தில், வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா பேச்சுவாக்கில் சொன்னதால்தான் இந்தத் தளர்வு எனக்குத் தெரிய வந்தது. அந்த அம்மா அன்று வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்தால் இன்றும் பதைக்கிறது.

முன்பிருந்த 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தாம் இருந்தன. இப்போது 21 வகைகள் இருக்கின்றன. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் இந்தச் சட்டத்தில்தான் சேர்ந்தன. உங்கள் கூட்டத்துக்கு வருகிறவர்களில் சிலருக்காவது இது புதிய செய்தியாக இருக்கும். இதைச் சொல்லுங்கள், தம்பி மறுக்க மாட்டான்.

பேரேடு:

வணிகவியல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். தேர்வுப் பொறுப்பையும் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். கையால் எழுத இயலாத மாணவர் சொல்லும் விடையைத் தேர்வில் எழுதித் தருபவரை ‘சொல்வதை எழுதுபவர்’ என்போம். அவரைப் பற்றி அவசியம் பேசுங்கள். பல பிள்ளைகளின் படிப்பு அந்த இடத்தில்தான் தடுமாறுகிறது.

ஒருமுறை என் மாணவர் ஒருவருக்குக் கணக்கியல் தேர்வு எழுத, அறிவியல் பிரிவில் படித்த ஒரு பெண்ணை அனுப்பியிருந்தார்கள். ‘பற்று’ எந்தப் பக்கம், ‘வரவு’ எந்தப் பக்கம் என்பதே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. என் மாணவரோ ஒவ்வொரு சொல்லையும் இரண்டு முறை சொன்னால்தான் மற்றவருக்குப் புரியும். இருப்புநிலைக் குறிப்புக்குக் கோடு போட்டு முடிப்பதற்குள் நாற்பது நிமிடம் போய்விட்டது. விடை முழுவதும் தெரிந்த பிள்ளை, எழுதி முடிக்க நேரமின்றி வெளியே வந்தார். அன்று நான் மேற்பார்வையாளன். வேடிக்கைதான் பார்க்க முடிந்தது.

மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம், அதாவது மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் என்பதை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். எழுதுபவரைத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்னதாகவே சந்திக்கலாம் என்று மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொன்னது பலருக்குத் தெரிவதில்லை. அந்தச் சந்திப்பில் பாடத்தைப் பேசுவதைவிட, பேச்சைப் பழக்குவதே முக்கியம். நாமே ஒருவரை அழைத்து வருவதானால், அவருடைய படிப்பு தேர்வு எழுதும் மாணவரின் படிப்பைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்றும் அந்த 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொன்னது.

குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறைவு என்று சான்றிதழில் உள்ள பிள்ளைகளின் பெற்றோரும் வருவார்கள். எழுதுவதில் உண்மையான இடர்ப்பாடு இருந்தால் அந்த வரம்பைக் காட்டி எழுதுபவரை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் விகாஷ் குமார் வழக்கில் கூறியது. அதற்கான விதிமுறைகளும் 2022இல் வந்துவிட்டன.

நடைவண்டி:

ஐயா, எனக்கும் மூளை முடக்குவாதம்தான். இப்போது முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். உங்கள் மகன் சொன்னதைப் படித்தபோது என் குரலையே கேட்டது போல இருந்தது.

பன்னிரண்டாம் வகுப்பில் நான் நல்ல மதிப்பெண் எடுத்தபோது என் அம்மாவையும் ஒரு மேடைக்கு அழைத்தார்கள். அம்மா என்னைக் குளிப்பாட்டியது, உடுத்திவிட்டது, ஊட்டியது எல்லாவற்றையும் சொல்லி அழுதார். கூட்டமே அழுதது. அம்மா சொன்ன எதுவும் பொய்யில்லை, அவர் மீது எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். வரலாற்றுப் பாடத்துக்காக இரவெல்லாம் கண்விழித்துப் படித்தவள் நான். அந்த அரை மணி நேரத்தில் வரலாறு என்ற சொல்லே வரவில்லை. கூட்டம் முடிந்ததும் எல்லோரும் அம்மாவின் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். என்னிடம் ஒருவர் மட்டும், “அம்மாவை நல்லா பாத்துக்கோம்மா” என்றார்.

நீங்கள் பட்ட பாட்டை மறைக்கச் சொல்லவில்லை, ஐயா. வண்டியில் சென்றதைச் சொல்லுங்கள். மாடி வகுப்பைக் கீழே மாற்றச் சொல்லிக் கேட்கலாம், கேட்டால் நடக்கும் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். தூக்கிச் சென்ற கதையைவிட அதுதான் அந்தப் பெற்றோருக்கு வேண்டும். மற்றதை உங்கள் மகனே பேசட்டும். அவருடைய பேச்சு மெதுவாக வரும் என்கிறீர்கள். கேட்கிறவர்கள் காத்திருக்கட்டுமே. ஒலிவாங்கியை மேசை மீது வைக்கச் சொல்லுங்கள். நிற்கிறவர் உயரத்துக்கு வைத்துவிட்டுக் கடைசி நிமிடத்தில் எல்லோரும் ஓடி வந்து வளைப்பார்கள், அது மிகவும் சங்கடமாக இருக்கும்.

கரிசல்மண்:

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு உங்கள் பதில்களை அவனிடம் படித்துக் காட்டினேன். ‘நடைவண்டி’ என்ற பெயரில் தங்கை எழுதியதை மட்டும் இரண்டாவது முறையும் படிக்கச் சொன்னான். அதன் பிறகு என் நான்கு பக்கங்களையும் வாங்கி மேசையில் பரப்பி, எதை விட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். துண்டால் கட்டிக்கொண்டதும் தூக்கிச் சென்றதும் போய்விட்டன. பதினொரு கிலோமீட்டரையும் துறைத்தலைவரையும் விட்டுவைத்தான். சட்டப் பிரிவும் வயதுத் தளர்வும் என் பொறுப்பு. சொல்வதை எழுதுபவரோடு தேர்வு எழுதுவது எப்படி என்பதை அவனே பேசுகிறான்.

அதற்கு ஒரு பேரேட்டுக் கணக்கைச் சார்ட் தாளில் பெரிதாக வரைந்து வைக்க வேண்டும் என்றான். அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு. நடுக்கோடு சாய்ந்துவிட்டது என்று சொல்லி, வேறு தாளில் முதலிலிருந்து போடச் சொல்லியிருக்கிறான்.