தம்பியைக் கோர்ட்டில் நிறுத்திய அன்று: உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

ஆயர் ஈத்தாம், பினாங்கு:
தம்பிக்கு 19 வயதிலிருந்தே மனச்சிதைவு. மாதம் ஒரு ஊசி. இரண்டு மாதம் ஊசிக்குக் கூட்டிப்போகாமல் விட்டுவிட்டோம். அப்போதுதான் பக்கத்து வீட்டு அங்கிளை அடித்துவிட்டான். தண்டனைச் சட்டம் 323-வது பிரிவு: ஓராண்டு வரை சிறை, 2,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஜார்ஜ்டவுன் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் குற்றச்சாட்டை வாசித்தார்கள். "புரிந்ததா?" தலையாட்டினான். "ஒப்புக்கொள்கிறாயா?" அதற்கும் தலையாட்டினான். அம்மாவும் நானும் பின்வரிசையில் வாய் திறக்கவில்லை. கிளினிக் கார்டு என் கைப்பையிலேயே இருந்தது. சொன்னால் 'தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்' (மனநல மருத்துவமனை இருக்கும் ஊர்) என்று பெயர் வந்துவிடும், எனக்குச் சம்பந்தம் பேச யாரும் வரமாட்டார்கள் என்று அம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். நானும் அதையேதான் நினைத்தேன்.

மாஜிஸ்திரேட்டுக்கு என்ன தோன்றியதோ, இன்னொரு கேள்வி கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அக்கா அதைத் தமிழில் சொன்னார்: "எதுக்குத் தம்பி இங்க வந்திருக்கீங்க?"

"மழை விடட்டும்னு நிக்கிறேங்க்கா."

வெளியே கொளுத்தும் வெயில். நான் எழுந்து கார்டை நீட்டிவிட்டேன்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 342-வது பிரிவு அன்றுதான் எனக்குத் தெரியும். இவர் சித்த சுவாதீனத்தில் இல்லை, அதனால் தன் தரப்பைச் சொல்ல முடியாது என்ற சந்தேகம் நீதிபதிக்கு எழுந்தால், வழக்கை நிறுத்தி அதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். தன் தரப்பைச் சொல்ல முடியும் என்று நீதிபதிக்குத் திருப்தி இல்லையென்றால், ஒரு மாதத்துக்கு மேற்படாமல் மனநல மருத்துவமனையில் வைத்துக் கவனிக்க அனுப்புவார். முடிவுக்கு வர முடியவில்லை என்று மருத்துவ இயக்குநர் கேட்டால், மேலும் இரண்டு மாதம் வரை. ஆனால் சந்தேகம் எழ வேண்டுமே! வீட்டுக்காரர்கள் மூடி மறைத்தால் அது எங்கிருந்து வரும்?

தஞ்சோங் ரம்புத்தானில் இருக்கும் உலு கிந்தா பஹாகியா மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1911-இல் தொடங்கியது, ஊரெல்லாம் வசவாகப் பயன்படுத்தும் அதே இடம். ஃபெரி, பட்டர்வொர்த்திலிருந்து ஈப்போவுக்கு இரயில், பிறகு கார். நான்காவது வாரம் போனபோது தம்பி கேட்டான், "அங்கிளுக்குப் பல்லு இன்னும் வலிக்குதாக்கா?" வாசலுக்கு வந்து அழுதேன். வழக்கு மறுபடி எடுக்கப்பட்டபோது அவனே பதில் சொன்னான். அபராதம் கட்டினோம்.

செந்தூல், கோலாலம்பூர் (கேஎல்):
ஜாலான் டூத்தா கோர்ட்டில் பல ஆண்டுகள் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன் நான். பயந்தவனும் தலையாட்டுவான், மலாய் புரியாதவனும் ஆட்டுவான், நோயாளியும் ஆட்டுவான். பார்க்கும்போது மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் எதைக் கேட்டாலும் விழித்தார். புத்தி சரியில்லை என்றே எல்லோரும் நினைத்தார்கள். தமிழில் நிதானமாகப் பேசியதும் நடந்ததைத் தேதி வாரியாக ஒப்பித்தார். அதனால் மருத்துவர் பேசும்போதும் தமிழ் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கட்டும் என்று கேளுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள்.

பிறை:
அக்கா, என் மாமா கேஸ் வரும் வியாழக்கிழமை. ஆஸ்பத்திரி ரிப்போர்ட் வந்தால் கேஸ் முடிந்துவிடுமா?

கிள்ளான் சாலை, கேஎல் (வழக்கறிஞர்):
முடியாதுங்க. மாமாவால் இப்போது வழக்கை எதிர்கொள்ள முடியாது என்று முடிவானால் தள்ளித்தான் வைக்கப்படும், முடியும் என்றால் வழக்கு தொடரும். மருத்துவர் தருவது கருத்து. அதை ஏற்று முடிவு செய்வது நீதிமன்றம். இப்போது வழக்கை எதிர்கொள்ள முடியுமா என்பது 342. சம்பவம் நடந்த நேரத்தில் செய்வது இன்னதென்று தெரிந்ததா என்பது வேறு கேள்வி, தண்டனைச் சட்டம் 84-வது பிரிவு. இரண்டையும் குழப்பித்தான் குடும்பங்கள் ஏமாந்துபோகின்றன. 84-இன்படி விடுதலையானாலும் உடனே வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டார்கள். பாதுகாப்பில் வைக்க உத்தரவாகும். லாயர் இல்லையென்றால் சட்ட உதவி கேளுங்கள். காத்திருக்கவேண்டாம், நாளைக்கே.

ஆயர் ஈத்தாம்:
பிறை தம்பி, கார்டு, மருந்துச் சீட்டு, பழைய ரிப்போர்ட் எல்லாம் எடுத்துப் போங்க. ஒரிஜினலைக் காட்டுங்க, கொடுப்பது போட்டோஸ்டெட். மாமா பெயரைக் கூப்பிடுவதற்கு முன்பே மொழிபெயர்ப்பாளரிடம் போய்ச் சொல்லிடுங்க. நான் கோர்ட்டில் எழுந்து சொல்லத் தாமதித்தேன்.