சேவல் போட்ட டீ செட்: பெரிய வீட்டுக் குழுவில்

சாரு: 7 படம் அனுப்பிருக்கேன், பாருங்க, வாங்கலாமான்னு சொல்லுங்க. இத்தாலியில அரேஸ்ஸோ பழம்பொருள் சந்தை. டீ பாட், சர்க்கரைக் கிண்ணம், பால் ஜக், 6 கப், 6 சாசர். வெள்ளைத் தரையில ராஃபயெலெஸ்கோ வேலை, அதாவது ஓவியர் ராஃபேல் பாணி: கொடி, சிறகு முளைச்ச உருவம், பாதி மீன் பாதி மனுஷன். ஒவ்வொண்ணுக்கும் அடியில ஒரு சேவல், பக்கத்துல ‘இட்டாலி’. கடைக்காரர் இது கான்டகல்லிங்கிற ஃபிளாரன்ஸ் பட்டறையோட வேலை, 1870ங்கிறார்.

சாரு: இன்னிக்கு சனி. சந்தை நாளைக்கும் உண்டு, அதனால அவசரம் இல்ல.

வசந்தி சித்தி: சேவலைப் பார்த்து மயங்காத கண்ணு. அங்க சேவல் போட்டதெல்லாம் கான்டகல்லி ஆயிடாது.

ராகவன் மாமா: 1870ங்கிறது அந்த அடிப்பக்கத்தாலயே அடிபடுது. ஃபிளாரன்ஸ் பட்டறையை உலிஸ்ஸே கான்டகல்லியும் அவர் சகோதரரும் கையில எடுத்தது 1878. சேவல் அவங்க குடும்பப் பேர்லயே இருக்கு: ‘கான்டா’ன்னா பாடுது, ‘கல்லி’ன்னா சேவல்கள். அடுத்து, நாட்டுப் பேர் இல்லாத சரக்கை அமெரிக்கா உள்ள விடாதுன்னு சட்டம் வந்தது 1890ல, நடைமுறைக்கு வந்தது 1891ல. ‘இட்டாலி’ன்னு எழுதினது பெரும்பாலும் அதுக்கப்புறம்தான். ஆனா அந்தச் சொல் இல்லைன்னா பழசுன்னு திருப்பிப் போட்டுக்காதீங்க. உள்நாட்டுல வித்ததுக்கு அது தேவையே இல்ல.

சாரு: டிசைனை வச்சு வருஷம் சொல்ல முடியாதா மாமா?

ராகவன் மாமா: முடியாது. பழசை அப்படியே திரும்பச் செய்றதுதான் கான்டகல்லியோட தொழிலே. இத்தாலியில உர்பினோ ஊரோட 16ஆம் நூற்றாண்டு வேலை, துருக்கியில இஸ்னிக் ஊரோட வேலை ரெண்டையும் பிரமாதமா செஞ்சாங்க. லண்டன் டைல்ஸ் கலைஞர் வில்லியம் டி மோர்கன் தன் வேலையை இவங்ககிட்ட கொடுத்து வரைய வச்சிருக்கார். உலிஸ்ஸே 1901ல இறந்தபிறகும் பட்டறை பல காலம் ஓடுச்சு. உன் செட்ல இருக்கிற கொடியோட மூலம் வாட்டிகன்ல ராஃபேல் குழு 1517-19ல வரைஞ்ச தாழ்வாரம். அதுக்கும் மூலம் மண்ணுக்கடியில கிடைச்ச நீரோ மாளிகைச் சுவர். டிசைனுக்கு வயசு அவ்வளவு, கப்புக்கு இல்ல.

வசந்தி சித்தி: இப்ப கையில எடுத்துப் பார்க்கிற வேலை. முதல்ல 6 கப்பையும் கவுத்து, அடியில இருக்கிற சேவல் தெரியிற மாதிரி வரிசையா வை. தூரிகையால 5, 6 இழுப்புல போட்ட சேவல் ஒண்ணுபோல ஒண்ணு இருக்காது. கொண்டை சாயும், வால் நீளும். அச்சு மாதிரி ஒரே சேவலா இருந்தா கீழ வச்சிரு. அப்புறம் நகத்தால தடவு. கோடு கிளேஸுக்குள்ள, அதாவது மேல இருக்கிற கண்ணாடி மாதிரிப் பூச்சுக்குள்ள இருக்கணும், மேல தட்டுப்படக் கூடாது.

சாரு: ஆறும் வேற வேற. ஒண்ணுக்குக் கால் ரெண்டு கோடு, இன்னொண்ணுக்கு ஒரே கோடு. நகத்துல எதுவும் தட்டல.

வசந்தி சித்தி: நல்லது. லென்ஸ் வச்சு இலையோட ஓரத்தைப் பார். புள்ளி புள்ளியா ஒரே அளவுல கலர் இருந்தா அச்சுத்தாள் ஒட்டினது. தூரிகைன்னா இழுப்போட ஆரம்பத்துல நிறம் திக்காகவும் முடியிற இடத்துல மெலிசாவும் இருக்கும்.

ராகவன் மாமா: ஏன்னு சொல்லிடறேன், அப்பத்தான் கண்ணு பிடிபடும். நாம எல்லாத்தையும் பீங்கான்னு சொல்லிடறோம், இது பீங்கான் இல்ல, சுட்ட மண். முதல் சூளை ஏறக்குறைய 1000 டிகிரி. அப்புறம் வெள்ளீய ஆக்சைடும் காரீயமும் கலந்த கிளேஸ் கரைசல்ல முக்குவாங்க. தண்ணிய மண் உறிஞ்சிடும், மேல மாவு மாதிரி வெள்ளைப் படலம் நிக்கும். அந்த மாவு மேலதான் வரையறது. தூரிகை பட்டதும் உறிஞ்சிடும், அழிக்க வழியே இல்ல. ஊசி குத்தின தாளை வச்சுக் கரிப்பொடிப் பொட்டலத்தால தட்டினா வழிகாட்டிப் புள்ளி விழும், சூளையில அந்தக் கரி எரிஞ்சு போயிடும். நீலம் கோபால்ட், பச்சை செம்பு, ஊதாப் பழுப்பு மாங்கனீஸ், மஞ்சள் ஆன்டிமனியோட காரீயம். ரெண்டாவது சூளை 920-950 டிகிரியில கிளேஸும் கலரும் சேர்ந்து உருகும். அதனாலதான் நகத்துல தட்டாது.

சாரு: மூடிதான் இடிக்குது. அதோட மஞ்சள் கொஞ்சம் எலுமிச்சை நிறம், பாட்ல இருக்கிறது முட்டைக்கரு நிறம்.

ராகவன் மாமா: சூளையில வச்ச இடம் மாறினாலே மஞ்சள் மாறும். நிறத்தை விடு. கிளேஸ் படாத விளிம்புல மண் என்ன நிறம்? மூடியில பார், பாட் அடியில பார்.

சாரு: பாட் இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு. மூடி சுத்த வெள்ளை.

ராகவன் மாமா: அப்ப மூடி வேற. உடைஞ்சதுக்குப் பதிலா பின்னாடி வந்தது.

வசந்தி சித்தி: மூடி போச்சுன்னா மூக்குக்கும் அடிபட்டிருக்கும், அதையும் விடாத. புற ஊதா டார்ச் இருக்கில்ல? கடைக்குள்ள இருட்டுல மூக்கு நுனி, கைப்பிடி ஒட்டின இடம் ரெண்டையும் பார். பழுது பார்த்த இடம் சுத்தியிருக்கிற கிளேஸ் மாதிரி தெரியாது, தனியா ஒளிரும். புது வகைப் பிசின் சிலது ஏமாத்தும், அதனால கன்னத்துலயும் வச்சுப் பார். கிளேஸ் சில்லுன்னு இருக்கும், பிசின் இருக்காது.

சாரு: மூக்கு நுனியில ஒரு விரல் அகலம் பால் மாதிரி ஒளிருது.

வசந்தி சித்தி: அதுல கொதிநீர் ஊத்தவே கூடாது. பிசின் இளகும், மஞ்சளாகும். கப்பை விரல் முட்டியால தட்டு. பீங்கான் மாதிரி மணிச் சத்தம் எதிர்பார்க்காத, சுட்ட மண் ‘டொக்’னுதான் சொல்லும். விரிசல்னா கரகரன்னு கேக்கும்.

சாரு: 5 கப் சுத்தம். ஒண்ணு கரகர. ரெண்டு கப் உள்ள வலை மாதிரி பழுப்புக் கோடு.

ராகவன் மாமா: ஆறும்போது மண்ணைவிட கிளேஸ் அதிகமா சுருங்கினா அந்த வலை விழும். பிறகு மண் ஈரம் குடிச்சு உப்பினாலும் விழும். டீ அந்தக் கோடு வழியா உள்ள இறங்கிடுச்சு.

வசந்தி சித்தி: அதைப் பிளீச் போட்டு வெளுக்காத. இதை ஆயிரம் தடவை சொன்னாலும் தகும். குளோரின் உப்பு மண்ணுக்குள்ள தங்கி, காஞ்சதும் படிகமாகி, கிளேஸைச் சில்லுச் சில்லா தள்ளும். காய்ச்சி வடிச்ச தண்ணியில கப்பை ஒரு மணி நேரம் ஊற வை, இல்லேன்னா கறை இன்னும் உள்ள ஓடும். அங்க மருந்துக்கடையில 10 வால்யூம்னு தர்ற ஹைட்ரஜன் பெராக்சைடு 3 சதவீதம்தான், அது போதும். பஞ்சுல நனைச்சுக் கோட்டு மேல ஒட்டி, பிளாஸ்டிக் தாளால மூடி ஒரு நாள் வை. வேணும்னா இன்னும் ரெண்டு தடவை. அப்புறம் காய்ச்சி வடிச்ச தண்ணியில 3 நாள், தினம் தண்ணி மாத்து. நிழல்ல ஒரு வாரம் காயணும். தங்கப் பூச்சு, பழுது பார்த்த இடம் பக்கம் போகாத.

கார்த்தி: சாரு, இதுல டீ குடிக்கப் போறியா?

சாரு: அஞ்சு கப் நல்லா இருக்கேண்ணா.

கார்த்தி: சோதிக்காம வேண்டாம். காரீய கிளேஸ், மஞ்சள்லயும் காரீயம், அதுவும் வலை விட்டது. எலுமிச்சை டீன்னா புளிப்பு இன்னும் கரைச்சு எடுக்கும். கடையில விக்கிற தேய்ப்புக் குச்சி காரீயம் இருக்கா இல்லையான்னுதான் காட்டும், எவ்வளவு கசியுதுன்னு காட்டாது. ஆய்வகத்துல 4 சதவீத அசிடிக் அமிலம் ஊத்தி 24 மணி நேரம் வச்சு அளப்பாங்க. கப்புக்கு அமெரிக்க வரம்பு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம். 1984ல ஐரோப்பா போட்ட வரம்பு 4.0. நான் 0.5ஐத்தான் வச்சுக்குவேன்.

சாரு: அப்போ அலமாரிக்குத்தான். விலை?

ராகவன் மாமா: முழு செட் விலை கொடுக்காத. மூடி மாத்தினது, மூக்கு பழுது, ஒரு கப் விரிசல். மூணையும் அவர்கிட்டயே காட்டு. தூரிகை வேலை அசல், கை தேர்ந்த ஆள் வரைஞ்சது. அதுக்குத்தான் விலை. பில்லுல ‘மூடி பிற்காலத்தது’ன்னு எழுதி வாங்கு.

சாரு: சரி மாமா, கேட்டுப் பார்க்கறேன்.

வசந்தி சித்தி: கட்டும்போது மூடியைப் பாட் மேல வைக்காத, தனியா கட்டு. கப்புக்குள்ள கப் அடுக்காத. முதல்ல மெல்லிய தாள், அப்புறம் குமிழித் தாள், குமிழி வெளிப்பக்கம். மூக்குக்கும் பாட் உடம்புக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியில தாளைச் சுருட்டி அடை, பாரம் வந்தா அங்கதான் முறியும். பெட்டிக்குள்ள பெட்டி, நடுவுல 5 சென்டிமீட்டர் மெத்தை. கைப்பிடியைப் பிடிச்சு எதையும் தூக்காத.