புறவன்கூடு: நண்டுக்குப் பொருந்தியது கொழுந்து பறிப்பவருக்குப் பொருந்துமா?

வினா (ஹட்டன் ஆசிரியை)

அனைவருக்கும் வணக்கம். தரம் 11 மாணவருக்கு ஆத்திரப்போடாக்களின் (நண்டு, பூச்சி போன்ற கணுக்காலிகளின்) புறவன்கூட்டை, அதாவது உடலின் வெளியே அமைந்த வன்கூட்டைக் கற்பித்துக்கொண்டிருந்தபோது, தொழிற்சாலைப் பணியாளர் உடலில் அணிந்துகொள்ளும் இயந்திரச் சட்டகங்களைக் காணொளியில் பார்த்திருந்த சிலர், அவற்றுக்கும் நண்டின் ஓட்டுக்கும் உண்மையில் தொடர்பு உண்டா என்று கேட்டனர். அதைத் தொடர்ந்து ஒரு மாணவி, கொழுந்துச் சாக்கைச் சுமந்து மலையேறும் தன் தாயாருக்கு அத்தகைய ஒன்றைச் செய்து கொடுக்க முடியாதா என்று கேட்டாள். பாடநூலில் உள்ளதைச் சொல்லி அந்தக் கேள்வியைக் கடந்துவிட எனக்கு மனமில்லை. இயற்கையில் இந்த அமைப்பு எவ்வாறு வேலை செய்கிறது, பொறியியலாளர் அதிலிருந்து எதை எடுத்துக்கொண்டனர், நம் தோட்டங்களின் சரிவில் அது பயன்படுமா என்பவற்றை அறிந்தவர்கள் விளக்கினால் பாடசாலைக் கண்காட்சிக்கும் உதவியாக இருக்கும்.

பதில் 1 (பண்டாரவளை, உயிரியல்)

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். முதற் பகுதிக்கு மட்டும் பதில் தருகிறேன்.

புறவன்கூட்டை வெறும் கவசம் என்று மாணவர் எண்ணிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். தசைகள் அதன் உட்புறத்தில் பற்றிக்கொண்டு இழுப்பதால், காப்பதும் அசைப்பதும் உடலைத் தாங்குவதும் ஒரே அமைப்பின் வேலைகளாகின்றன. கைற்றின் என்னும் பொருளின் நார்கள் புரதத்தில் பதிந்து படைபடையாக அமைந்துள்ளன. ஒவ்வொரு படையிலும் நார்களின் திசை சற்றுத் திரும்பியிருப்பதால், ஓரிடத்தில் தோன்றும் வெடிப்பு நேராக ஊடுருவிச் செல்ல முடிவதில்லை. நண்டில் இதனுடன் கல்சியங் காபனேற்றும் சேர்ந்து ஓட்டை உறுதியாக்குகிறது. பூச்சிகளிலோ கடினமாதல் பெரும்பாலும் வேறு வழியில் நிகழ்கிறது. பீனோல் வகைச் சேர்வைகளை நொதியங்கள் ஒட்சியேற்றிக் குயினோன்களாக மாற்ற, அவை புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்குகின்றன. உரித்த வேளையில் வெளிறியிருக்கும் கரப்பான் பூச்சி சில மணி நேரத்தில் கபில நிறமாவது இதனால்தான். நம் ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) அரைபட்ட கொழுந்து பச்சை நிறம் மாறிச் செம்பழுப்பாவதும் பொலிபீனோல்கள் நொதியத்தால் ஒட்சியேற்றப்படுவதன் விளைவே. விளைபொருள்கள் வேறானாலும் வேதியியல் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை மலையக மாணவருக்கு எளிதில் காட்டலாம்.

இந்த அமைப்புக்குக் கொடுக்க வேண்டிய விலை தோலுரித்தல் ஆகும். கடினமான கூடு வளராது. ஆகவே பழையதைக் களைந்து, நீரை உள்ளெடுத்து உடலை உப்பச் செய்து, புதியது இறுகும்வரை விலங்கு மறைந்திருக்க வேண்டியுள்ளது. ஓடையில் கல்லைப் புரட்டும்போது சில வேளைகளில் காணும் மென்மையான நண்டு அந்த நிலையில் உள்ளதே. தரையில் பேருடல் கொண்ட விலங்குக்கு இந்த இடைவேளை ஆபத்தானது, ஏனெனில் தாங்கிப் பிடிக்க நீர் இல்லாத இடத்தில் மென்மையான உடல் தன் நிறையாலேயே நசுங்கும். கால்விரிவு மூன்றரை மீற்றரைக் கடக்கும் ஜப்பானியச் சிலந்தி நண்டு கடலில் வாழ்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதிகம் பேசப்படாத ஒரு கூறையும் சொல்ல வேண்டும். கரப்பானின் கால்களில், மூட்டுகளுக்கு அருகே, மணி வடிவ நுண்ணுணரிகள் கூட்டிலேயே பதிந்துள்ளன. சுமையால் கூடு மிகச் சிறிதளவு வளைந்தாலும் அவை நரம்புக்குச் செய்தி அனுப்ப, அதற்கேற்பத் தசைகளின் இழுப்பு மாறுகிறது. என் கருத்தில் பொறியியலாளர் கற்க வேண்டியது ஓட்டின் கடினத்தைவிட இந்த உணர்திறனையே.

(இடையில் ஒன்று: ஆமையின் ஓட்டைப் புறவன்கூடு என்று விடைத்தாளில் எழுதுவோர் இன்றும் பலர். அதில் விலா என்புகளும் முள்ளந்தண்டும் இணைந்துள்ளன. அது அகவன்கூட்டின் பகுதி.)

பதில் 2 (தலவாக்கலை, இயந்திரப் பொறியியல்)

மேலே எழுதிய நண்பரின் கடைசிக் கருத்தை ஏற்கிறேன். ஆயினும் இந்த இயந்திரங்கள் நண்டைப் பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல. 1890இல் நிக்கொலஸ் யாக்ன் நடப்பதற்கும் ஓடுவதற்கும் உதவும் வில் அமைப்புக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1960களின் நடுவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் தொடங்கிய ஹார்டிமன் என்ற அணியும் இயந்திரச் சட்டகம் ஏறத்தாழ 680 கிலோகிராம் நிறையுடையது; முழு உருவமாக அதை இயக்க முயன்றபோது கட்டுப்பாடின்றி ஆடியதால் ஒரு கையை மட்டுமே பயனுள்ள வகையில் செயற்படுத்த முடிந்தது.

அடிப்படைச் சிக்கல் என்னவென்றால், நண்டுக்கு ஒரே கூடு. நமக்கோ உள்ளே என்புக்கூடு இருக்க, வெளியே இன்னொன்றைக் கட்ட வேண்டியுள்ளது. மனித முழங்கால் கதவின் கீல்போல ஓர் அச்சில் சுழல்வதில்லை, மடங்க மடங்க அந்த அச்சு இடம்பெயர்கிறது. வெளிச்சட்டகத்தின் கீல் நிலையாக இருப்பதால் பட்டிகள் தோலை இழுத்து உராய்கின்றன. அதனால்தான் அண்மைய முயற்சிகள் பல கனத்த சட்டகத்தைக் கைவிட்டு இலகுவான அமைப்புகளை நாடுகின்றன. பற்றரியோ மோட்டாரோ இன்றி வில்லையும் பற்றுச்சாதனத்தையும் (கிளச்) கொண்ட ஒரு கணுக்கால் அமைப்பு, நடப்பதற்கான சக்திச் செலவை ஏறத்தாழ 7 சதவீதம் குறைத்ததாக 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. 2019இல் துணியும் வடங்களும் கொண்டு இடுப்பை இயக்கும் மென்னுடை, நடையில் 9.3 சதவீதமும் ஓட்டத்தில் 4 சதவீதமும் குறைத்தது. ஜப்பானின் ஹால் என்ற அணியும் சட்டகம் தசைகளின் மின் சைகைகளைத் தோலின் மேலிருந்தே வாசிக்கிறது. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டோர் நடக்க உதவும் ரீவோக் 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மருத்துவத்தில் இந்தத் துறையின் பயன் ஐயத்துக்கு இடமற்றது.

மலைச்சரிவு வேறு கணக்கு. வில் தான் சேமித்ததை மட்டுமே திருப்பித் தரும். மேலேறுவதற்கோ புதிதாகச் சக்தி வேண்டும். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 20 கிலோகிராம் கொழுந்துடன் 50 மீற்றர் உயரம் ஏற வேண்டிய வேலை ஏறத்தாழ 39,000 யூல், அதாவது 11 வாற்றுமணி. இது ஒரு கைத்தொலைபேசியின் பற்றரிக்குள் அடங்கிவிடும். ஆகவே சக்தி பெரிய தடையன்று. சட்டகத்தின் சொந்த நிறை, மழை, சேறு, வடிகானைத் தாண்டும்போது தவறும் அடி, நிரைகளுக்கிடையே சிக்கும் மிலாறு (வெட்டிய தேயிலைக் கிளைகள்) ஆகியவையே தடைகள். பாதத்தில் சேரும் ஒரு கிலோகிராம், இடுப்பில் சேரும் அதே நிறையைவிடப் பன்மடங்கு களைப்பைத் தரும் என்பதையும் மறக்கக் கூடாது.

பதில் 3 (நுவரெலியா, இயன்மருத்துவம்)

பொறியியல் நண்பர் ஏறுவதைப் பற்றி எழுதினார். பறிப்பதைப் பற்றி நான் எழுதுகிறேன். கடைகளில் கிடைக்கும் தோள் தாங்கிகள் தலைக்கு மேல் கையுயர்த்தி வேலை செய்வோருக்காக வடிவமைக்கப்பட்டவை. கொழுந்து பறிப்பவரின் கைகளோ இடுப்புயரத்தில், மேசைபோன்ற செடிப்பரப்பின் மேல் இடைவிடாது இயங்குகின்றன. கையை மேலே தள்ளும் வில் அங்கே இடையூறாகவே இருக்கும். குனியும்போது சக்தியைச் சேமித்து நிமிரும்போது தரும் முதுகுத் தாங்கிகள், பறிப்பதைவிடக் கவ்வாத்து வெட்டுவோருக்கே பொருந்தும், ஏனெனில் அவர்கள்தாம் நெடுநேரம் ஒரே அளவில் குனிந்து நிற்கின்றனர்.

சுமைக்கு உடனடியாகச் செய்யக்கூடியது மிக எளியது. தலையிலும் கழுத்திலும் இறங்கும் பாரத்தை, இடுப்புப் பட்டி கொண்ட இலகுவான முதுகுச் சட்டகத்தால் இடுப்பெலும்புக்கு மாற்றலாம். இதுவும் வெளியில் அணியும் வன்கூடே, மோட்டார் மட்டும் இல்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தைப் பறிக்கும் மலைக்கு அருகே கொண்டுவருவது அதைவிடவும் பயன் தரும். எனக்குள்ள அச்சம் வேறு: சுமை இலகுவாகிவிட்டது என்று சொல்லிப் பேர் போடுவதற்கான (முழு நாள் வேலையாகக் கணக்கிடுவதற்கான) கிலோவை உயர்த்திவிட்டால், கருவியால் கிடைத்த நிவாரணம் பறிப்பவரின் உடலுக்குச் சேராது. மாணவியின் கேள்வியில் இந்தப் பக்கமும் இருக்கிறது.

மறுமொழி (ஹட்டன் ஆசிரியை)

மூவருக்கும் நன்றி. கண்காட்சிக்கு மாணவரே செய்யக்கூடிய பரிசோதனை ஏதேனும் உண்டா?

பதில் 2 தொடர்ச்சி (தலவாக்கலை)

இரண்டைச் செய்யலாம். ஒரே அளவான தாள்கள் இரண்டில் ஒன்றை அகலக் குழாயாகவும் மற்றதை இறுக்கமான சிறு கோலாகவும் சுருட்டி ஒட்டி, இரு மேசைகளுக்கிடையே வைத்து நடுவில் எடைகளைத் தொங்கவிடுங்கள். குழாய் குறைவாகவே வளையும். ஆனால் ஒரு கட்டத்தில் அதன் சுவர் திடீரென மடிந்துவிடும். மெல்லிய சுவருடைய பூச்சிக்காலின் நன்மையும் வரம்பும் அதில் தெரியும். மற்றதற்கு, இரண்டு மட்டைகளை ஓர் ஆணியால் இணைத்து, ஆணி முழங்காலுக்குச் சில சென்ரிமீற்றர் மேலே இருக்குமாறு வைத்து மேல் மட்டையைத் தொடையில் இறுக்கமாகவும், கீழ் மட்டையைக் கணைக்காலில் சற்றுத் தளர்வாகவும் பட்டியால் கட்டுங்கள். காலை நீட்டியிருக்கும்போது கீழ்ப்பட்டியின் ஓரத்தைப் பேனாவால் குறித்து, பின்னர் முழங்காலை மடக்கிக் குறியிலிருந்து பட்டி எவ்வளவு விலகியது என்று அளக்கச் சொல்லுங்கள். ஆணியை முழங்காலின் நடுவுக்கு நேராக நகர்த்தி மீண்டும் அளந்தால் விலகல் குறையும். எனினும் முற்றாக மறையாது.