கடலோர முகாமில் மோட்டார்ஹோம் சந்திப்பு: வண்டிகளை எப்படி நிறுத்தலாம்?

வணக்கம் நண்பர்களே. விடுமுறையில் எங்கள் மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) கிளப் குடும்பங்கள் கடலோர முகாமில் கூடுகிறோம். வண்டிகளை நிறுத்தும் பொறுப்பு என்னுடையது. குழந்தைகள் விளையாட நடுவில் இடம் விட்டு வட்டமாக நிறுத்த ஆசை. ஆனால் பகலில் கடற்காற்று, இரவில் கரைக்காற்று. பாதி வண்டிகளின் பக்கவாட்டில் விரிக்கும் பந்தல் காற்றை நேராக வாங்குமே! முன்பு ஒரு பந்தலின் கால் மணலிலிருந்து பிடுங்கிக்கொண்டு கூரை மேல் மடங்கியதைப் பார்த்திருக்கிறேன். சாதாரண முளை மணலில் நிற்காது. மணல் நிரப்பிய பையைப் புதைத்து அதில் கயிறு கட்டிப் பார்த்தவர்கள் உண்டா? எவ்வளவு ஆழம் தோண்டினீர்கள்?

அப்புறம், மின் இணைப்பு எல்லோருக்கும் கிடைக்காது. இணைப்பு இல்லாவிட்டால் குளிர்பெட்டி வண்டியின் பேட்டரியில்தான் ஓட வேண்டும்; லெட்-ஆசிட் பேட்டரியை 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடுவது நல்லதல்ல. அதனால் மருந்தைக் குளிரில் வைக்க வேண்டியவர்களுக்கு முதலில் இணைப்பைக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். மற்றவர்களுக்கு முறை வைத்துக் கொடுத்த அனுபவம் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.