வெளிநாட்டுக்கு அனுப்பிய தொகையில் 27 டாலர் எங்கே போனது?

கேள்வி:
வணக்கம். என் டாலர் கணக்கிலிருந்து வேறொரு நாட்டில் உள்ள ஒருவரின் டாலர் கணக்கிற்குச் சரியாக 2,000 டாலர் அனுப்பினேன். என் வங்கி தன் கட்டணத்தைத் தனியாகப் பற்று வைத்துக்கொண்டது. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் பெறுநரின் கணக்கில் 1,973 டாலர்தான் வரவாகியிருக்கிறது. இரு பக்கமும் ஒரே நாணயம் என்பதால் மாற்று விகிதத்தின் மீது பழிபோடவும் வழியில்லை. முழுத்தொகையும் போய்விட்டது என்று கூறும் என் வங்கி, 2,000 என்று தெளிவாகக் காட்டும் எம்டி 103 (ஸ்விஃப்ட் வழியாக வங்கிகள் அனுப்பும் பணச்செய்தி) நகலையும் கொடுத்துவிட்டது. பெறும் வங்கியோ தங்களுக்கு வந்ததே குறைவு என்கிறது. யாரை நம்புவது?

மறுமொழி 1:
இரண்டு வங்கிகளும் உண்மையே சொல்லக்கூடும். ஸ்விஃப்ட் என்பது வங்கிகளுக்கிடையே செய்தியைக் கொண்டுசெல்லும் வலையமைப்பு. பணம் அதன் வழியாக நகர்வதில்லை. உங்கள் வங்கிக்கும் பெறும் வங்கிக்கும் நேரடிக் கணக்குத் தொடர்பு இல்லாதபோது, இரண்டும் கணக்கு வைத்திருக்கும் மூன்றாவது வங்கி ஒன்று முதல் கணக்கில் பற்றும் அடுத்ததில் வரவும் எழுதுகிறது. அதுவே இடைநிலை வங்கி. சில வேளைகளில் அப்படி இரண்டு வங்கிகள்கூட வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றும் தன் கூலியைக் கடந்துபோகும் தொகையிலிருந்தே எடுத்துக்கொள்ள முடியும். படிவத்தில் கட்டணப் பொறுப்பு யாருடையது என்று குறித்திருந்தீர்கள்?

கேட்டவர்:
அந்தக் கட்டத்தை நான் தொடவே இல்லை. எஸ்.எச்.ஏ. என்று முன்பே நிரப்பப்பட்டிருந்தது.

மறுமொழி 2:
அதுதான் காரணம். எஸ்.எச்.ஏ. என்றால் அனுப்பும் வங்கியின் கட்டணம் மட்டுமே உங்களுடையது. வழியில் பிடிக்கப்படுவதும் பெறும் வங்கியின் கட்டணமும் பெறுநர் தலையில் விழும். பி.இ.என். என்றால் எல்லாமே அவருடையது. அடுத்த முறை, எல்லாக் கட்டணமும் உங்களுடையது என்னும் ஓ.யு.ஆர். என்று குறித்தால் முழுத்தொகையும் போய்ச் சேரும்.

மறுமொழி 3:
அவ்வளவு உறுதியாகச் சொல்லிவிட முடியாது. ஓ.யு.ஆர். என்று குறித்திருந்தும் கழித்துவிடும் இடைநிலை வங்கிகள் உண்டு; சில, தொகையை முழுமையாக அனுப்பிவிட்டுக் கட்டணத்தைப் பிற்பாடு உங்கள் வங்கியிடம் கோரும், அது சில வாரங்கள் கழித்து உங்கள் கணக்கில் பற்றாக வந்து நிற்கும்.

இருக்கட்டும், உங்கள் கையில் உள்ள நகல் உங்கள் வங்கியிலிருந்து புறப்பட்ட செய்தி. அதற்குப் பிறகு நடந்த கழிவு அதில் இருக்காது. பெறும் வங்கிக்கு வந்து சேர்ந்த செய்தியின் விவரத்தைப் பெறுநர் வழியாகக் கேளுங்கள். பழைய எம்டி வடிவத்தில் புலம் 33பி நீங்கள் அனுப்பச் சொன்ன தொகையையும், 71எஃப் வழியில் கழிந்த கட்டணங்களையும், 32ஏ உண்மையில் கைமாறிய தொகையையும் காட்டும். எல்லை தாண்டிய பணச்செய்திகள் 2025 நவம்பரோடு ஐஎஸ்ஓ 20022 என்ற புதிய செய்தி வடிவத்திற்கு மாறிவிட்டன (எம்டி 103 என்ற பெயரை மட்டும் வங்கிக் கிளைகள் விட்டபாடில்லை), ஆனாலும் இதே மூன்று விவரங்கள் அதிலும் உண்டு. கூடவே, யு.இ.டி.ஆர். எனப்படும் 36 எழுத்து நீளமுள்ள அடையாள எண்ணைக் கொடுத்து, எந்த வங்கி எவ்வளவு கழித்தது என்று தடம் பார்த்துச் சொல்லும்படி உங்கள் வங்கியிடமும் கேட்கலாம்.

கேட்டவர்:
விவரம் கிடைத்தது. அனுப்பச் சொன்ன தொகை 2,000, வழியில் கழிந்தது 15, கைமாறியது 1,985. அப்படியானால் மீதி 12 டாலர்?

மறுமொழி 3:
அதைப் பெறும் வங்கியே எடுத்திருக்க வேண்டும். வெளிநாட்டு வரவுக்கான கட்டணத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் வரவு வைத்தால், கணக்கு அறிக்கையில் அது தனி வரியாகத் தெரியாது. பெறுநர் அவ்வங்கியின் கட்டண அட்டவணையில் அந்த 12 டாலர் உள்ளதா என்று பார்த்து, இல்லையென்றால் எழுத்துமூலம் திரும்பக் கேட்கலாம். 15 டாலரைக் கேட்டுப் பயனில்லை. நீங்கள் ஒப்பமிட்ட எஸ்.எச்.ஏ. முறையின்படியே அது கழிந்திருக்கிறது. இக்கட்டணம் பெரும்பாலும் தொகையைப் பொறுத்ததன்று, அனுப்பும் ஒவ்வொரு தடவைக்கும் உரியது என்பதால், 2,000 டாலரை நான்காகப் பிரித்து அனுப்பியிருந்தால் இதே கழிவு நான்கு முறை நடந்திருக்கும்.

கேட்டவர்:
பெறுநர் இன்று எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்த தவணைக்கு ஓ.யு.ஆர். குறிக்கும் முன், பின்னால் வரும் கோரிக்கையையும் சேர்த்து மொத்தக் கட்டணம் எவ்வளவு என்று என் வங்கியிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன்.