ஆர்டர் இருக்கிறது, லாபமும் இருக்கிறது. கையில் பணம் மட்டும் ஏன் இல்லை?

கேள்வி (வார்ப்பு ஆலை உரிமையாளர்):

அனைவருக்கும் வணக்கம். பிளாஸ்டிக் உதிரிபாகங்கள் வார்த்துத் தரும் சிறிய ஆலை ஒன்றை 9 ஆண்டுகளாக நடத்தி வருகிறேன்; 14 பேர் வேலை செய்கிறார்கள். கணக்குப் புத்தகம் ஆண்டுதோறும் லாபம் காட்டுகிறது. ஆனாலும் சம்பள நாள் நெருங்கினாலே எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. மூலப்பொருள் விற்பவர் 15 நாளுக்கு மேல் கடன் தருவதில்லை. சரக்கை வாங்கும் பெரிய நிறுவனமோ 90 நாளில் தருவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, நான்கு மாதம் வரை இழுத்தடிக்கிறது. வங்கியில் என் பில்களைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், ஈடாகக் கொடுக்க நிலமோ வீடோ இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வீடு ஏற்கெனவே அடமானத்தில் இருக்கிறது.

சென்ற வாரம் வழக்கத்தைப் போல இரு மடங்கு ஆர்டர் வந்தது. மகிழ்ச்சி வரவேண்டிய இடத்தில் அச்சம்தான் வந்தது. இது என் நிர்வாகத்தின் குறையா, வளரும் பொருளாதாரங்களில் சிறுதொழில் செய்வோர் எல்லோருக்கும் உள்ள சிக்கலா? இந்த ஆர்டரை நான் ஏற்கலாமா?

பதில் (ஓய்வுபெற்ற கடன் அலுவலர்):

உங்கள் அச்சம் நியாயமானது, ஐயா. ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். மூலப்பொருள் கிடங்கில் 20 நாள், வார்த்து அனுப்பும் வரை 15 நாள், பில் போட்ட பிறகு 120 நாள் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 155 நாள் ஆகிறது. விற்பவர் தரும் 15 நாள் கடனைக் கழித்தாலும், போட்ட பணம் 140 நாள் கழித்துத்தான் உங்களிடம் திரும்புகிறது. ஆர்டர் இரட்டித்தால் இப்படி முடங்கும் பணமும் இரட்டிக்கும். அதிலிருந்து வரும் லாபமோ ஐந்து மாதம் கழித்துத்தான் வரும். லாபத்தில் ஓடிய ஆலைகள் நல்ல ஆர்டர் வந்த ஆண்டிலேயே மூடப்பட்டதை என் பணிக்காலத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த வலி இன்னும் எனக்குள் இருக்கிறது.

வங்கி ஏன் நிலத்தைக் கேட்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. கடன் கேட்பவர்களில் யார் நம்பகமானவர் என்பது வங்கிக்கு முழுமையாகத் தெரியாது. வட்டியை உயர்த்தினால் நிதானமாகத் தொழில் செய்பவர்கள் விலகிக்கொள்ள, துணிந்து சூதாடுபவர்களே எஞ்சுவார்கள். ஆகவே வங்கிகள் வட்டியை உயர்த்துவதற்குப் பதிலாகச் சிலருக்குக் கடனையே மறுத்துவிடுகின்றன என்று 1981-இல் பொருளியலாளர்கள் ஜோசப் ஸ்டிக்லிட்ஸும் ஆண்ட்ரூ வைஸும் விளக்கினார்கள். கடன் வரலாறு பதிவாகாத, தணிக்கையான கணக்கு அரிதான, நீதிமன்றத் தீர்ப்புக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய நாடுகளில் இந்தத் தயக்கம் பல மடங்காகிறது. மேலும், சிறிய கடனை ஆராய்வதற்கும் பெரிய கடனை ஆராய்வதற்கும் ஏறத்தாழ ஒரே உழைப்புதான் ஆகிறது. வருமானமோ பெரிய கடனில்தான். வளரும் நாடுகளில் முறையாகப் பதிவுசெய்த குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களில் 40 சதவீதத்துக்கு, அதாவது சுமார் 6.5 கோடி நிறுவனங்களுக்கு, தேவையான கடன் கிடைப்பதில்லை என்று உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகம் 2017-இல் மதிப்பிட்டது. ஆகவே இதை உங்கள் தனிப்பட்ட தோல்வியாக நினைக்காதீர்கள்.

பதில் (உலோகப் பட்டறை நடத்துபவர்):

தாமதப் பட்டுவாடாவைத் தடுக்கச் சட்டங்கள் இல்லாமல் இல்லை. இந்தியாவின் 2006-ஆம் ஆண்டுச் சட்டம், குறு, சிறு நிறுவனங்களுக்குத் தரவேண்டிய பணத்தை எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் தர வேண்டும் என்றும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி சேரும் என்றும் சொல்கிறது. ஆனால் வாங்குபவர் ஒருவரையே நம்பி இருப்பவர் எப்படிப் புகார் கொடுப்பார்? நான் ஒரு முறை கொடுத்தேன். பாக்கி முழுவதும் வந்து சேர்ந்தது. அடுத்த ஆர்டர் வரவே இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு விஷயங்களை மாற்றிக்கொண்டேன். எந்த வாங்குபவரும் மொத்த விற்பனையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன். பெரிய ஆர்டர் வந்தால், மூலப்பொருளை நீங்களே கொடுங்கள், நான் கூலிக்குச் செய்து தருகிறேன் என்று கேட்கிறேன். இந்த ஜாப் ஒர்க் முறையில் லாபம் குறையும், உண்மைதான். ஆனால் பணத்தில் பெரும்பகுதியை முடக்கும் மூலப்பொருள் செலவு நம் தலையில் விழாது. உங்கள் தொழிலுக்கு இது நன்றாகப் பொருந்தும்.

மின்சாரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓட்டத்தின் நடுவே மின்சாரம் நின்றால் வார்ப்பு இயந்திரத்தின் பீப்பாய்க்குள் இருக்கும் உருகிய பிளாஸ்டிக் இறுகிவிடும். மறுபடி சூடாக்கி, பழையதை வெளியே தள்ளி, நல்ல துண்டு விழும் வரை மணிக்கணக்கு வீணாகும் என்பது உங்களுக்கே தெரியும். இரு மடங்கு ஆர்டருக்கு நாள் குறிக்கும்போது அந்த நேரத்தையும் விட்டுக் குறியுங்கள்.

பதில் (பொருளியல் ஆசிரியர்):

நிலத்துக்கு மாற்றாக உங்கள் பில்லையே ஈடாக்கும் வழிகள் உண்டு. மெக்சிகோவின் அரசு வளர்ச்சி வங்கியான நசியோனல் ஃபினான்சியெரா 2001-இல் தொடங்கிய திட்டத்தில், பெரிய நிறுவனம் ஒப்புக்கொண்ட பில்லைச் சிறு நிறுவனம் மின்னணு முறையில் நிதி நிறுவனத்திடம் கொடுத்து உடனே பணம் பெறலாம். கடனின் அபாயம் பெரிய நிறுவனத்தின் தரத்தைப் பொறுத்தது என்பதால் வட்டியும் குறைவு. பில்லை இணையவழியில் பணமாக்கித் தரும் இந்தியாவின் டிரெட்ஸ் (TReDS) தளங்களும் இவ்வழியைச் சார்ந்தவையே. சீனா 2007-இல் இயற்றிய சொத்துச் சட்டமும் வரவேண்டிய பாக்கிகளை ஈடாக ஏற்க வழி செய்தது.

இவற்றின் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன்: பில்லை ஏற்றதாக வாங்குபவர் பதிவு செய்தால்தான் இந்த ஏற்பாடே நகரும். பணத்தைத் தாமதப்படுத்துபவர் ஒப்புதலையும் தாமதப்படுத்துவார். அந்த ஒப்புதலுக்கு நாள் வரம்பு விதிக்காத அரசு, சிறுதொழிலுக்குக் கடன் திட்டங்களை எத்தனை அறிவித்தாலும் உங்களைப் போன்றவர்களுக்கு அவை வந்து சேராது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. ஆர்டரில் பாதியை வழக்கம் போலவும், மறுபாதியை அவர்கள் தரும் மூலப்பொருளில் கூலிக்கும் செய்து தருவதாகக் கொள்முதல் மேலாளரிடம் பேசப் போகிறேன். ஒரு சந்தேகம்: அவர்கள் தரச்சோதனை முடிந்த நாளிலிருந்துதான் தவணை நாளை எண்ணுகிறார்கள். சோதனையோ ஒரு மாதம் கிடப்பில் கிடக்கிறது.

பதில் (உலோகப் பட்டறை நடத்துபவர்):

அதைத்தான் முதலில் பேசி முடிக்க வேண்டும். நான் சொன்ன இந்தியச் சட்டத்தின்படி, சரக்கு இறங்கிய 15 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் வராவிட்டால், இறங்கிய நாளே ஏற்றுக்கொண்ட நாளாகும். இதே வாசகத்தை உங்கள் ஒப்பந்தத்திலும் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு லோடுக்கும் டெலிவரி சலானில் தேதியோடு முத்திரை வாங்காமல் வண்டியைத் திருப்ப வேண்டாம் என்று ஓட்டுநரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.