கொடுத்த வெக்டருக்குச் செங்குத்தாக இன்னொன்று: நெட்டுக்குத்தாக நிற்கும் பைப் மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறது?

கப்பலூர் பட்டறை:
வணக்கம். கப்பலூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறோம், மாடிப்படிக் கைப்பிடி, ஷெட், கேட் எல்லாம் செய்கிறோம். பைப்பின் இரண்டு முனைகளைக் கொடுத்தால் முப்பரிமாணத்தில் வரைந்து காட்டுகிற சின்ன புரோகிராம் ஒன்று பைத்தானில் எழுதிக்கொண்டிருக்கிறேன், வேலை தொடங்கும் முன்பே வீட்டுக்காரர்களுக்குக் காட்டலாம் என்று. பைப்பை உருளையாக வரைய அதன் திசைக்குச் செங்குத்தாக ஒரு வெக்டர் (திசையும் நீளமும் உள்ள அம்பு) வேண்டும். அதற்காகத் திசையை நேர் மேல்நோக்கிய (0, 0, 1) உடன் குறுக்குப் பெருக்கல் செய்கிறேன், இரண்டுக்கும் செங்குத்தான வெக்டர் அதில் வரும். சாய்வான கைப்பிடி, கிடையான கம்பி எல்லாம் சரியாக வருகின்றன, நெட்டுக்குத்தாக நிற்கும் போஸ்ட் மட்டும் ஒன்றுகூட வரவில்லை. இரு பரிமாணத்தில் (3, 4) என்றால் (−4, 3) என்று இடம் மாற்றி ஒரு குறியைத் திருப்பினால் முடிந்தது. அதுபோல எல்லாத் திசைக்கும் பொருந்தும் ஒரே சூத்திரம் முப்பரிமாணத்தில் இல்லையா?

திருநகர் கோடர்:
போஸ்டின் திசையே (0, 0, 1)தான். ஒரே கோட்டில் இருக்கும் இரண்டு வெக்டர்களைக் குறுக்கே பெருக்கினால் பூஜ்ய வெக்டர்தான் வரும், அதை அலகு நீளமாக்க, அதாவது நீளத்தை 1 ஆக்கப் போனால் பூஜ்யத்தால் வகுக்க வேண்டியிருக்கும், அதனால்தான் போஸ்ட் வரவில்லை. மிகச் சரியாக நிற்காமல் கணினியின் தோராயப் பிழை அளவுக்கு மட்டும் சாய்ந்திருந்தால், வரும் வெக்டர் எந்தப் பக்கம் பார்க்கும் என்று நம்ப முடியாது, கவனம்.

இப்படிச் செய்யுங்கள். மூன்று எண்களில் குறியை விட்டுவிட்டு அளவில் எது சிறியது என்று பாருங்கள். அதைப் பூஜ்யமாக்கிவிட்டு மற்ற இரண்டையும் இடம் மாற்றி, ஒன்றின் குறியைத் திருப்புங்கள். உங்கள் இரு பரிமாண வித்தையேதான் இது. எடுத்துக்காட்டுக்கு (2, 3, 6). சிறியது 2, ஆக (0, −6, 3). புள்ளிப் பெருக்கல் (நேருக்கு நேர் எண்களைப் பெருக்கிக் கூட்டுவது) போட்டுப் பாருங்கள்: 0 − 18 + 18 = 0. அதை 3ஆல் சுருக்கி (0, −2, 1) என்றே வைத்துக்கொள்ளலாம். அப்புறம் (2, 3, 6) உடன் இதைக் குறுக்கே பெருக்கினால் (15, −2, −4), அது முதல் இரண்டுக்குமே செங்குத்து. இரண்டையும் அலகு நீளமாக்கி, மையம் + ஆரம் × (கொசைன் × ஒன்று + சைன் × மற்றொன்று) என்று கோணத்தைச் சுற்றிவிட்டால் வட்டம் தயார். பெரிய எண்கள் இரண்டும் உள்ளே இருப்பதால், திசை வெக்டரே பூஜ்யமாக இருந்தாலொழிய விடை பூஜ்யமாகாது.

மேலூர் கணக்கு வாத்தியார்:
தம்பி கேட்ட அந்த 'ஒரே சூத்திரம்' நல்ல கேள்வி, அதை அப்படியே விட மனசு வரவில்லை. பதினொன்றாம் வகுப்பில் புள்ளிப் பெருக்கல் நடத்தும்போது பூஜ்யம் வந்தால் செங்குத்து என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தச் சமன்பாடு ஒன்றுதான், தெரியாத எண்களோ மூன்று. ஆகவே விடை ஒரு வெக்டர் அல்ல, ஒரு தளம் முழுவதும் விடை, அதிலிருந்து ஒன்றை நாம்தான் பொறுக்க வேண்டும். எல்லாத் திசைக்கும் திடீர்த் தாவல் இல்லாமல், எங்கும் பூஜ்யமாகாமல் பொறுக்கும் வழி முப்பரிமாணத்தில் கிடையாது என்பது நிரூபிக்கப்பட்ட தேற்றம். பந்து முழுக்க முடி முளைத்திருந்தால் எப்படி வாரினாலும் எங்காவது ஒரு சுழி விழுந்தே தீரும், அதேதான். சாதாரணக் கோளத்துக்கு இதைப் புவான்கரே 1885இல் காட்டினார், மூன்றுக்கு மேற்பட்ட ஒற்றைப்படைப் பரிமாணங்களுக்கு பிரவர் 1912இல் விரித்தார். இரு பரிமாணத்தில் அந்தச் சிக்கலே இல்லை, நான்கிலும் இல்லை: (1, 2, 3, 4) என்றால் இரண்டிரண்டாகத் திருப்பி (−2, 1, −4, 3). மூன்று ஒற்றைப்படை, ஒரு எண் ஜோடியில்லாமல் நின்றுவிடுகிறது. ஆகவே உங்கள் புரோகிராமில் 'இப்படி இருந்தால் இது, இல்லையென்றால் அது' என்ற பிரிவு ஏதாவது ஒரு வடிவில் இருந்தே ஆக வேண்டும்.

திருநகர் கோடர்:
சார் சொன்னதற்கு ஒரு சாட்சி. 2012இல் ஃப்ரிஸ்வாட் என்பவர் கிட்டத்தட்ட எல்லாத் திசைக்கும் ஒரே சூத்திரம் கொடுத்தார், நேர் கீழ்நோக்கிய திசையை நெருங்கும்போது அதில் துல்லியம் போய்விடும். 2017இல் பிக்ஸார் அனிமேஷன் படக் கம்பெனி ஆட்கள் அதைத் திருத்தினார்கள், மூன்றாவது எண்ணின் குறியைப் பார்த்துப் பிரிப்பதுதான் அந்தத் திருத்தமே.

கப்பலூர் பட்டறை:
ரொம்ப நன்றி சார், நன்றி அண்ணே. போஸ்ட் எல்லாம் வந்துவிட்டது. ஆனால் கைப்பிடி வளைந்து போஸ்டில் இறங்கும் எல்போவில் பைப் முறுக்கிப் பிழிந்த மாதிரி தெரிகிறது.

மேலூர் கணக்கு வாத்தியார்:
இரண்டு துண்டுக்கும் தனித்தனியாகப் பொறுக்கியதால் வட்டங்களின் தொடக்கப் புள்ளி ஒத்துப்போகவில்லை. எல்போவில் முதல் திசையையும் அடுத்த திசையையும் குறுக்கே பெருக்குங்கள். வருவது இரண்டுக்குமே செங்குத்து, அதையே இரண்டு பக்கத்துக்கும் முதல் வெக்டராக வையுங்கள், முறுக்கு போய்விடும். ஒரே பைப்பில் பல வளைவு இருந்தால், முதல் துண்டில் மட்டும் ஒன்றைப் பொறுக்கி, ஒவ்வொரு எல்போவிலும் இந்தக் குறுக்குப் பெருக்கலை அச்சாக வைத்து வளைவுக் கோணம் எவ்வளவோ அவ்வளவு சுழற்றிக் கொண்டுபோங்கள்.